அலமாரி மேல் ஒரு பை

அன்புள்ள ஐயா,

வெள்ளச் செய்திகளைப் பார்த்துவிட்டு மூன்று இரவுகள் எனக்குத் தூக்கமில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு டார்ச், பேட்டரி, மருந்து, சான்றிதழ்களின் நகல் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி அலமாரி மேல் வைத்துவிட்டேன். கணவரிடம் சொல்லவில்லை. முன்பு ஒருமுறை பேச்செடுத்தபோது, “மீட்புப் படை எதற்கு இருக்கிறது?” என்று சிரித்தார். பிள்ளைகளிடம் சொன்னால் பயந்துவிடுவார்கள். எங்களைப் போன்ற சாதாரணக் குடும்பத்துக்கு இதெல்லாம் தேவையா? இல்லை, இது என் மனப்பதற்றம்தானா? பையில் வேறு என்ன வைக்கலாம்?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

மனப்பதற்றம் இல்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு தாய் மூன்று இரவு யோசிப்பதற்கு அப்படிப் பெயர் வைக்காதீர்கள். தேவையா என்றால், சாதாரணக் குடும்பத்துக்குத்தான் மிகவும் தேவை. வசதி உள்ளவர்கள் மழை வலுக்கும்போதே வேறு ஊரில் அறை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

பையைப் பற்றி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கில் மூன்று நாளுக்குத் தண்ணீர் வேண்டும். அது பையில் அடங்காது, தனியே வையுங்கள். தினமும் சாப்பிடுகிற மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு, கூடவே மருந்துச்சீட்டின் நகல். முக்கியமான தொலைபேசி எண்கள் காகிதத்தில். கொஞ்சம் சில்லறைப் பணம். முகமூடி, வேட்டைக்கத்தி, ஆறு மாத உணவு என்று நீளும் பட்டியல்களை விட்டுத்தள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் வேறு. “கணவரிடம் சொல்லவில்லை.” அப்புறம், பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. கோபமாகவே கேட்கிறேன், யாருக்காகக் கட்டினீர்கள் அந்தப் பையை? நீங்கள் வெளியே போயிருக்கும் ஒரு மதியம் தண்ணீர் வந்தால் அலமாரி மேல் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் கை எட்டுமா? எங்கே போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியுமா? அவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

இந்தக் கடைசிக் கேள்வியோடு நான் பல வருடங்களாக வாழ்கிறேன்.

எனக்குப் பதினொரு வயது. இரவு ஒன்பது மணிவாக்கில் ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. அப்பா வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அம்மா என்னையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு நான்காவது வீட்டு மாடிக்கு ஏறினார். சரியான முடிவுதான். அந்தத் தெருவிலேயே உயரமான கட்டடம் அது. ஆனால் அப்பாவுக்கு அது தெரியாது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. அவர் இடுப்பளவு தண்ணீரில் வந்து, எங்கள் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போய், இருட்டில் ஒவ்வொரு அறையாகத் தேடியிருக்கிறார். கட்டிலுக்கு அடியில்கூடக் கையை விட்டுத் துழாவியிருக்கிறார். நாங்கள் நூறடி தள்ளி உலர்ந்த தரையில் உட்கார்ந்திருந்தோம். மழைச் சத்தத்தில் அவர் குரல் எங்களுக்குக் கேட்கவே இல்லை. விடிகிற நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவரை யாரோ பார்த்துக் கயிறு வீசி இழுத்தார்கள். தண்ணீருக்குள் ஏதோ கிழித்திருந்த காலில் சீழ் பிடித்து, கடைசிவரைக்கும் நொண்டித்தான் நடந்தார்.

வேகமாக ஓடும் வெள்ளம் அரையடி உயரம் இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான கார்களையே நகர்த்திவிடும் என்று பின்னால் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அவர் வெள்ளத்தைப் பற்றித் தெரியாமல் இறங்கியவர் இல்லை. எங்களுக்காக இறங்கினார், காலியான வீட்டுக்குள். ‘தண்ணீர் வந்தால் அந்த மாடி’ என்று நான்கு சொல் முன்பே பேசியிருந்தால் நேராக அங்கே வந்திருப்பார்.

ஜப்பானின் வடகிழக்குக் கடலோரத்தில் ‘தெந்தெங்கோ’ என்று ஒரு சொல் உண்டு. தனித்தனியாக, அவரவர் என்று பொருள். சுனாமி வந்தால் யாருக்காகவும் காத்திருக்காமல் அவரவர் மேட்டுக்கு ஓடு என்பது அங்கே வழிவழியாக வரும் பாடம். முதலில் கேட்டபோது எனக்கு அது கல்நெஞ்சாகப் பட்டது. பிறகுதான் புரிந்தது. அந்தக் கரையில் 1896இல் வந்த சுனாமியில் மட்டும் சுமார் 22,000 பேர் இறந்தார்கள். ஒருவரை ஒருவர் தேடித் திரும்பிப் போய்க் குடும்பம் குடும்பமாகச் செத்தவர்களின் துக்கத்திலிருந்து வந்த சொல் அது. அந்தச் சொல்லுக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் ஓடிவிடுவேன் என்று நீ நம்பு, நீ ஓடிவிடுவாய் என்று நானும் நம்புகிறேன். முன்கூட்டியே உட்கார்ந்து பேசாத வீட்டில் இந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்?

அதே கடலோரத்தில் உள்ள கமாய்ஷி நகரத்துப் பள்ளிகளில் பேராசிரியர் கதாதா தோஷிதாகா இதைப் பல வருடங்கள் சொல்லிக்கொடுத்தார். ‘நான் கட்டாயம் தப்பி ஓடிவிடுவேன், அதனால் என்னைத் தேடி வராதீர்கள்’ என்று வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடமே சொல்லி அனுப்பினார். 2011 மார்ச் 11 அன்று சுனாமி வந்தபோது ஒரு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள், யாரும் சொல்லும்வரை காத்திருக்காமல் ஓடினார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளிச் சிறுவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். முதலில் போய்ச் சேர்ந்த இடம் போதாது என்று தோன்றியதும் இன்னும் மேலே ஏறினார்கள். அந்த நகரத்தில் தொடக்க, நடுநிலை வகுப்புகளில் படித்த ஏறக்குறைய 3,000 பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் பிழைத்தார்கள்.

பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்கிறீர்கள். இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளுக்கு ‘ஸ்மோங்’ கதை சொல்லித்தான் வளர்த்தார்கள். 1907இல் அந்தத் தீவைச் சூறையாடிய பேரலையின் கதை அது. நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் குன்றுக்கு ஓடு, அவ்வளவுதான் பாடம். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த இடங்களில் அந்தத் தீவும் ஒன்று. ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். எந்தச் சைரனும் அங்கே ஒலிக்கவில்லை. கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் கோழைகளாகிவிடவில்லை. என்ன செய்வது என்று தெரியாத பிள்ளைதான் அதிகம் பயப்படும். அந்த மாடியில் விடியும்வரை நான் பட்ட பயத்தை உங்கள் பிள்ளைகள் படவேண்டாம்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. மீட்புப் படை இருக்கிறது, வரவும் செய்யும். ஆனால் 1995 ஜனவரி 17 அதிகாலை ஜப்பானின் கோபே நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோது என்ன நடந்தது? இடிபாடுகளில் சிக்கிய சுமார் 35,000 பேரில் முக்கால்வாசிப் பேரை வெளியே எடுத்தது குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தவர்களும்தான். அங்கேயும் தீயணைப்பு வீரர்கள் இருந்தார்கள். ஆனால் ஒரே நிமிடத்தில் ஆயிரம் இடங்களிலிருந்து கூப்பிட்டால், சாலையும் உடைந்து கிடந்தால், அவர்கள் எத்தனை இடத்துக்குப் போக முடியும்? எங்கள் அப்பாவுக்குக் கயிறு வீசியவரும் படைவீரர் இல்லை, அதே தெருக்காரர்தான். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் வயதானவர் யார் என்று உங்கள் கணவருக்குத் தெரியுமா என்று கேட்டுப்பாருங்கள்.

சரி, பைக்கு வருகிறேன். இன்றே கீழே இறக்கி, கதவுக்குப் பக்கத்தில், சின்னப் பிள்ளைக்கும் கை எட்டும் உயரத்தில் வையுங்கள். கணவரை ஒருமுறை அதைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கனமாக இருக்கிறது என்றால் அவரே எதையாவது வெளியே எடுக்கட்டும், அப்போதுதான் அது அவருடைய பையும் ஆகும். அப்புறம் எல்லோருமாக உட்கார்ந்து இரண்டு இடங்களை முடிவு செய்யுங்கள். வீட்டுக்கு அருகில் ஒன்று. அங்கே போக முடியாவிட்டால் தூரத்தில் இன்னொன்று. வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரரின் எண்ணை எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள். உள்ளூரில் அழைப்பு போகாத நேரத்தில் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி போய்ச்சேர வாய்ப்பு அதிகம். நாம் வீட்டில் இல்லை, இன்ன இடத்தில் இருக்கிறோம் என்று அவர் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்.

முடிவு செய்த இடத்துக்கு எல்லோரும் ஒருமுறை நடந்தே போய்விட்டு வாருங்கள். கணவர் சிரித்தால் சிரிக்கட்டும், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போய்வந்த பிறகு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்.