ஷிபுயாவில் கின்சா லைன்: கீழே தேடாதீர்கள், மேலே ஏறுங்கள்

டோக்கியோவின் ஷிபுயா ஸ்டேஷனில் கின்சா லைன் சப்வேயின் பிளாட்பாரம் 3-வது மாடியில் இருக்கிறது. டோயோகோ லைனில் வந்து இறங்கி, "சப்வேதானே" என்று கீழேயே சுற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். குழம்பியதில் ஆச்சரியமில்லை. ஷிபுயா ஒரு பள்ளத்தாக்கு. 1938-ல் கின்சா லைன் இங்கு வந்தபோது ரயில் மட்டத்திலேயேதான் வந்தது, தரைதான் கீழே இறங்கிவிட்டது. டோயோகோ லைன் நேர்மாறு: மேலே இருந்ததை 2013 மார்ச்சில் தரைக்கடியில் 5-வது தளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஏழு மாடி உயர வித்தியாசம்!

ஆரஞ்சு வட்டத்துக்குள் ஆங்கில ‘ஜி’ (G) எழுத்து இருக்கும் பலகையை மட்டும் பாருங்கள். அம்புக்குறி மேலே காட்டினால் நம்பி ஏறுங்கள்.

பெட்டி கனமா? 3-வது மாடிவரை ஏற வேண்டாம். டிக்கெட் கேட்டுக்கு வெளியே வராமல் ஹன்சோமோன் லைன் என்ற இன்னொரு சப்வேக்கு மாறி, அடுத்த ஸ்டேஷனான ஒமோதேசாண்டோவில் இறங்குங்கள். அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம் கின்சா லைன் வரும். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும்.

ஒன்று: 2020 ஜனவரிக்கு முந்தைய வீடியோக்களை நம்பாதீர்கள். பிளாட்பாரத்தையே அப்போது கிழக்கே சுமார் 130 மீட்டர் நகர்த்திவிட்டார்கள். கட்டுமான வேலையால் நடைபாதைகளும் அவ்வப்போது மாறும்.