விடுதிக்கு ஒரு பெட்டி – கடிதம்

வணக்கம் ஐயா,

என் மகன் அடுத்த மாதம் கல்லூரி விடுதியில் சேர்கிறான். நானும் என் கணவரும் ஒருநாள்கூட விடுதியில் தங்கியதில்லை. அதனால் தெரிந்தவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால் 112 பொருள்கள். இரண்டு பெரிய பெட்டிகள் நிரம்பிவிட்டன, மூன்றாவதைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். அவனோ "ஒரு தோள்பை போதும்மா, மிச்சத்தை அங்க போய்ப் பாத்துக்கறேன்" என்கிறான். தினமும் இதில்தான் வீட்டில் பேச்சு முற்றுகிறது. அவனுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. சளி பிடித்தால் இழுப்பு வரும், இன்ஹேலர் வைத்திருக்கிறான். என் பயமெல்லாம் அதுதான். எதை வைக்கலாம், எதை எடுத்துவிடலாம் என்று நீங்கள் சொன்னால் அவனும் கேட்பான்.

இன்னொன்று. சின்ன வயதிலிருந்து அவன் போர்த்திக்கொள்ளும் ஒரு போர்வை இருக்கிறது. ஓரமெல்லாம் நைந்துவிட்டது. அதையும் வைக்கட்டுமா?

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

112 என்று படித்ததுமே அந்த நோட்டு எப்படி வளர்ந்திருக்கும் என்று புரிந்துவிட்டது. விடுதியில் இருந்தவர்களைக் கேட்டால், தாங்கள் எது இல்லாமல் ஒருநாள் திண்டாடினார்களோ அதைத்தான் முதலில் சொல்வார்கள். ஒருவர் குடை என்பார், ஒருவர் ஊசிநூல் என்பார், இன்னொருவர் டார்ச் என்பார். ஒவ்வொருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் முப்பது பேர் தனித்தனியாகப் பட்ட பாட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரே பையன் சாமான் சுமக்க முடியாது.

முதல் மூன்று நாளுக்கு வேண்டியதை ஒரு குறையும் இல்லாமல் கட்டிக்கொடுங்கள். அதற்கு மேல் வேண்டியதில் பாதியை இப்போது விட்டுவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் எவ்வளவு இடம், அலமாரியில் எத்தனை தட்டு, பிளக் எந்தச் சுவரில், கூட இருக்கும் பையன் எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பான், இதெல்லாம் அங்கே போன பிறகுதான் தெரியும். தெரிந்த பிறகு அவன் கேட்பதை அனுப்பலாம், அவனே வாங்கியும் கொள்வான்.

17 வயதில் நான் விடுதிக்குப் போனபோது ஓர் இரும்புப் பெட்டி நிறையச் சாமான்களோடு போனேன். போய்ச் சேர இரவாகிவிட்டது. அறையில் இருந்த இரண்டு பேரும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் மூடி கிறீச்சென்று கத்தியது. மேலே புத்தகங்கள், அதற்குக் கீழே மடிப்புக் கலையாத புதுச்சட்டைகள், அதற்கும் கீழே எங்கேயோ துண்டும் படுக்கை விரிப்பும். இருட்டில் கையால் துழாவித் துழாவி ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்தேன். ஒருவன் எழுந்து விளக்கைப் போட்டான், ஒன்றும் சொல்லாமல் பார்த்தான், திரும்பிப் படுத்துக்கொண்டான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. எல்லாவற்றையும் அப்படியே உள்ளே போட்டு மூடிவிட்டு, வெறும் மெத்தையில் ஒரு சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தேன். அந்தப் பெட்டியில் இருந்ததில் பாதியை ஆண்டு முடியும்வரை நான் தொடவே இல்லை.

அதனால் உங்கள் மகன் கேட்கும் அந்தத் தோள்பைக்கு நான் ஒத்துக்கொள்கிறேன். அதை முதல் இரவுப் பையாக ஆக்கிவிடுங்கள். விரிப்பு, தலையணை உறை, துண்டு, இரவில் போட்டுக்கொள்ளும் துணி, மறுநாளுக்கு ஒரு செட், பல் தேய்க்கக் குளிக்க வேண்டியவை, செருப்பு, சார்ஜர், தண்ணீர் பாட்டில், சின்ன டார்ச், ஒரு பூட்டு, மருந்து, சான்றிதழ்கள். பெட்டிகள் பின்னால் வந்தாலும், வழியில் தங்கிவிட்டாலும், இந்தப் பை மட்டும் இருந்தால் அவன் குளித்து, தூங்கி, மறுநாள் காலையில் சேர்க்கை வரிசையில் போய் நின்றுவிடலாம். சான்றிதழ்களின் நகல்களை மட்டும் வேறு பையில் வையுங்கள். மூலமும் நகலும் ஒரே உறையில் இருந்தால், தொலையும்போது இரண்டும் சேர்ந்தே தொலையும். எல்லாவற்றையும் படம் பிடித்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பை போக ஒரு பெட்டி. மூன்றாவதைத் திரும்பப் பரணில் ஏற்றிவிடுங்கள். இரண்டாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பெட்டியில் கைவைக்கும் முன்னால் விடுதிக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள், அவனையே. மெத்தை கொடுக்கிறார்களா, அதன் நீளம் என்ன, அலமாரிக்குப் பூட்டு உண்டா, துணி துவைக்க என்ன வசதி, எதையெல்லாம் உள்ளே விடமாட்டார்கள் என்று கேட்கட்டும். மெத்தை நீளம் எதற்கு என்று தோன்றும். ஒருவர் படுக்கும் மெத்தைகளிலேயே 75 அங்குலமும் உண்டு, 80 அங்குலமும் உண்டு. 75 அங்குல மெத்தைக்குத் தைத்த எலாஸ்டிக் விரிப்பை 80 அங்குல மெத்தையில் மாட்டினால் ஒரு மூலையை இழுக்க இன்னொரு மூலை கழன்றுவரும். அளவு தெரியாவிட்டால் எலாஸ்டிக் இல்லாத பெரிய விரிப்பே நல்லது, சுற்றிச் செருகிக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். இழுப்பு வந்ததும் அடிக்கும் இன்ஹேலர் பெட்டிக்குள் போகவே கூடாது. அது அவன் சட்டைப்பையிலோ, எப்போதும் கூடவே போகும் பையிலோ இருக்க வேண்டும். இன்னொன்று புதிதாக வாங்கி அறையில் வைக்கட்டும். காலாவதித் தேதியையும், எத்தனை முறை அடிக்கலாம் என்ற எண்ணையும் பார்த்து வாங்குங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது, அழுத்தம் ஏற்றிய குப்பி அது. மருத்துவர் சீட்டில் மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே மருந்து இடத்துக்கு இடம் வேறு வேறு பெயரில் விற்கும். இதைவிட முக்கியம், இன்ஹேலர் எங்கே இருக்கிறது, அவனுக்கு மூச்சு முட்டினால் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை முதல் நாளே அறைத்தோழனிடம் சொல்லிவிட வேண்டும். பையன்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். இதற்காக நீங்கள் அவனோடு சண்டை போட்டாலும் நான் உங்கள் பக்கம்தான்.

தூசி ஒவ்வாமை என்றால், பலருக்குக் காரணம் தூசி உண்ணி. கண்ணுக்குத் தெரியாது. நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் பெருகும். பலர் படுத்து எழுந்த பழைய மெத்தையில் அது நிச்சயம் இருக்கும். ஆகவே உங்கள் பட்டியலில் எதைக் குறைத்தாலும் இரண்டைக் குறைக்காதீர்கள்: மெத்தையை முழுக்க மூடி ஜிப் போடும் நெருக்கமான நெசவுள்ள உறை, தலையணைக்கும் அதேபோல ஒன்று. இரண்டு செட் விரிப்பு இருந்தால் வாரம் ஒன்றை மாற்றலாம். 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் உண்ணிகள் செத்துப்போகும், பச்சைத் தண்ணீரில் சாகாது. அறைக்குள் நுழைந்ததும் பையைக் கட்டிலில் போடாமல், மெத்தையின் தையல் ஓரங்களை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மை தெளித்த மாதிரி கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. மெத்தையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க அதுதான் நேரம், சாமான்களைப் பரப்பிய பிறகு கேட்பது கஷ்டம்.

மற்ற மருந்துகள் குறைவாகவே போதும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், பிளாஸ்திரி, கிருமி நீக்கும் களிம்பு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் சில, தெர்மாமீட்டர். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. ஜலதோஷத்துக்கு விற்கும் பல மாத்திரைகளுக்குள்ளும் அதே பாராசிட்டமால் இருக்கிறது. இதையும் அதையும் சேர்த்து விழுங்கினால் கணக்கு மீறி ஈரல் கெடும். உறையில் என்ன மருந்து என்று படித்துப் பார்க்கும் பழக்கத்தை அவனுக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள். வலி மாத்திரைகளில் சில, இழுப்பு உள்ளவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எதைத் தவிர்க்க வேண்டும் என்று அவனுடைய மருத்துவரிடமே கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள்.

பட்டியலில் மின்சாரக் கெட்டிலோ அயர்ன்பாக்ஸோ இருந்தால், விடுதி அனுமதி கொடுத்தால் ஒழிய எடுத்துவிடுங்கள். பல விடுதிகளில் சூடாக்கும் சாதனம் எதற்கும் தடை உண்டு, அதற்குக் காரணமும் இருக்கிறது. லேப்டாப் சார்ஜர் 65 வாட் என்றால் கெட்டில் 1500 வாட். ஒரு கெட்டில் இருபதுக்கும் மேற்பட்ட லேப்டாப்புக்குச் சமம். வயரில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயர் சூடாவது நான்கு மடங்காகும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில், அதுவும் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிய வயரில், அந்தச் சூடு வெளியேற வழியில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அவசியம் வேண்டும், பிளக் பெரும்பாலும் கட்டிலுக்குப் பின்னால்தான் இருக்கும். இரண்டு மீட்டர் வயரும், ஃபியூஸோ டிரிப் ஸ்விட்சோ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகவே கூடாது. விமானத்தில் போகிறான் என்றால் பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்ப விடமாட்டார்கள்.

கூடவே நோட்டில் இல்லாத இரண்டைச் சேர்க்கிறேன். ஒன்று, கட்டிலில் கிளிப் மாட்டும் சின்ன எல்இடி விளக்கு. தேர்வுக்கு முந்தைய இரவு அவன் படிக்க வேண்டும், மற்றவன் தூங்க வேண்டும். அறைத்தோழர்களுக்குள் நடக்கும் சண்டைகளில் பாதி விளக்கில்தான் ஆரம்பிக்கும். இன்னொன்று, காதில் வைக்கும் ஸ்பாஞ்சு அடைப்பான். அதைச் சும்மா காதோரம் ஒட்டி வைத்துக்கொண்டு சத்தம் குறையவே இல்லையே என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல்களுக்கு நடுவில் உருட்டி மெல்லிய திரிபோல ஆக்கி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே நுழைத்து, அது உப்பும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் சத்தம் நன்றாகக் குறையும்.

துணிக்கு எண்ணிக்கை கேட்டால், வாரம் ஒருமுறை துவைப்பான் என்று வைத்துக்கொண்டு, உள்ளாடை பத்து, மேல்சட்டை ஏழெட்டு, பேன்ட் மூன்று நான்கு. பருத்த துண்டு ஒன்றைவிட மெல்லிய துண்டு இரண்டு மேல். மூடிய அறையில் பருத்த துண்டு காயாமல் நாற்றமெடுக்கும். காகிதத்தைத் தாராளமாக எடுத்துவிடலாம். சாதாரண ஏ4 தாள் ஒன்று 5 கிராம், அந்த அளவுத் தாளில் 200 பக்க நோட்டு அரைக் கிலோ. பத்து நோட்டு வைத்திருக்கிறீர்கள் என்றால் ஐந்து கிலோ வெள்ளைத் தாளை அவன் தூக்கிக்கொண்டு போகிறான். சில்லறைச் சாமான்களை ஒரு சின்ன டப்பாவில் போடுங்கள்: ஊசி, நூல், பொத்தான், சேஃப்டி பின், கத்தரி, நகவெட்டி, டேப், சின்ன ஸ்க்ரூடிரைவர். அந்த டப்பா அறையில் இருக்கும் எல்லோருக்கும் பயன்படும்.

அறைத்தோழன் யார் என்று முன்னதாகத் தெரிந்தால் ஒரு போன் பேசட்டும். துடைப்பம், குப்பைக்கூடை, மேசை விசிறி எல்லாம் அறைக்கு ஒன்று போதும்.

அப்புறம், உங்களுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கலாம், ஆனாலும் சொல்ல வேண்டும். நீங்கள் கட்டிய இரண்டு பெட்டியையும் பிரித்து எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவையுங்கள். அவனே ஒரு பெட்டியில் அடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கையை மட்டும் நீட்டாதீர்கள். தான் அடுக்கிய பெட்டியில் எது எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் அவனுக்குத் தெரியும். என் அம்மா எனக்காக மூன்று நாள் உட்கார்ந்து ஆசை ஆசையாக அடுக்கிய பெட்டி அது. அதில் துண்டு எங்கே என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது. மிஞ்சியதை இரண்டாவது பெட்டியில் போட்டு வீட்டிலேயே வையுங்கள். ஒரு மாதம் கழித்து அவன் எதையாவது கேட்டால் அதிலிருந்து எடுத்து அனுப்பலாம்.

இன்னும் மூன்று நான்கு வாரம் இருக்கிறது. அதற்குள் அவன் தன் துணியைத் தானே நான்கு முறை துவைத்துவிடட்டும். சாயம் போகும் துணியை வெள்ளையோடு ஊறவைத்தால் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடட்டும். ஒரு பொத்தான் தைக்கட்டும்.

போர்வையைப் பற்றி அவனிடமே கேளுங்கள், மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து. சரி என்றால் நைந்த ஓரத்தை மடித்துத் தைத்து, வெந்நீரில் துவைத்து, வெயிலில் காயவைத்துக் கொடுங்கள், முதல் இரவுப் பையில் இடம் இருக்கும். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அவன் கட்டிலிலேயே மடித்து வையுங்கள். முதல் விடுமுறைக்கு வந்து படுக்கும்போது அவன் கை அதைத் தேடும்.