ஒரே சீட் இரண்டு பேருக்கு: இந்தப் பிழையை விட்டுவிடாதே, தம்பி

தம்பி, பாளையங்கோட்டையில் மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாய். திருநெல்வேலி - தென்காசி பஸ்ஸுக்கு சீட் புக்கிங் செய்யும் புராஜெக்ட்டை ஜாவாவில் எழுதியிருக்கிறாய். சில நேரம் ஒரே சீட் இரண்டு பேருக்குப் போய்விடுகிறது, எங்கே தவறுகிறது என்று அறிய கோடின் நடுவே பிரின்ட் போட்டுப் பார்த்தால் பிழை வருவதே இல்லை என்கிறாய். இதை விட்டுவிட்டு டேட்டா அனலிட்டிக்ஸ் சான்றிதழ் படிப்பில் சேரச் சொல்கிறார் அப்பா. இந்தப் பிழையைத் தீர்க்கும்வரை சேர வேண்டாம் என்பதுதான் என் கருத்து. படிப்பு அடுத்த மாதமும் இருக்கும். ஆனால் இப்படி ஒரு பிழை படிக்கிற காலத்தில் தானாகக் கையில் வந்து விழுவது அபூர்வம்.

பிரின்ட் போட்டால் ஏன் மறைகிறது தெரியுமா? பிரின்ட்டுக்குள்ளேயே ஒரு லாக் இருக்கிறது, அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு. அதனால் திரெட்டுகள், அதாவது ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள், ஓடும் வேகமும் வரிசையும் மாறிவிடுகின்றன. திரெட்டைச் சற்று நிறுத்திவைக்க நீ நடுவில் போட்டிருக்கும் ஸ்லீப்பும் அப்படித்தான். பிழை அங்கேயேதான் இருக்கிறது, கண்ணில் படுவது மட்டும் குறைகிறது. அதை முதலில் எடுத்துவிடு.

உன் கோடில் நடப்பது இது. 12-ஆம் சீட் காலியா என்று ஒரு திரெட் பார்க்கிறது, காலி. அது பெயரை எழுதுவதற்குள் இன்னொரு திரெட்டும் பார்க்கிறது, அதற்கும் காலி. இரண்டும் எழுதுகின்றன. இப்படி யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து முடிவு மாறும் பிழைக்குப் பெயர் ரேஸ் கண்டிஷன். சீட் எண்ணுக்கு எதிரே பெயரை வைத்திருக்கும் ஹேஷ்மேப்பை, பல திரெட்டுகள் சேர்ந்து பயன்படுத்துவதற்கான கன்கரன்ட் ஹேஷ்மேப்பாக மாற்றியும் சரியாகவில்லை என்று எழுதியிருந்தாயே, காரணம் இதுதான்: அதில் பார்ப்பது தனியாகப் பத்திரம், எழுதுவது தனியாகப் பத்திரம். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அது காக்காது. பார்ப்பதையும் எழுதுவதையும் சேர்த்து ஒரே லாக்குக்குள் வை. அல்லது அந்த மேப்பிலேயே இருக்கும், காலியாக இருந்தால் மட்டும் எழுதும் புட்-இஃப்-ஆப்சென்ட்டைப் பயன்படுத்து, அது இரண்டையும் பிரிக்காமல் ஒரே செயலாகச் செய்யும்.

லாக் போடுவதற்கு முன் ஒரு தாளில் எழுது: எந்த டேட்டாவை எந்த லாக் காக்கிறது? சீட் மேப், காலி சீட் எண்ணிக்கை இரண்டும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும் என்றால் இரண்டுக்கும் ஒரே லாக். எழுதும் இடத்தில் மட்டும் போட்டால் போதாது, படிக்கும் இடத்திலும் அதே லாக் வேண்டும். உள்ளே இருக்கும் லிஸ்ட்டை அப்படியே வெளியே ரிட்டர்ன் செய்தாலும் லாக் வீண்தான், காப்பி எடுத்துக் கொடு. பணம் கட்டும் சர்வரைக் கூப்பிடும் வேலையை லாக்குக்குள் வைக்காதே, மற்ற எல்லாரும் காத்துக்கிடப்பார்கள். அப்புறம், சீட்டுக்கு ஒரு லாக் என்று வைத்து, சீட் மாற்ற இரண்டு லாக் எடுக்கிறாய் என்றால் எப்போதும் சிறிய எண்ணை முதலில் எடு. இல்லாவிட்டால் இரண்டு திரெட்டுகள் ஒன்றுக்காக ஒன்று நின்று டெட்லாக் ஆகிவிடும்.

இது காலேஜ் லேபோடு முடிகிற விஷயமில்லை. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்கா, கனடாவில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. கம்பிகள் மரத்தில் பட்டது, கண்காணிப்பில் குறை என்று பல காரணங்கள் உண்டு. ஒஹையோவில் ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் சத்தமில்லாமல் நின்றுபோனதும் அவற்றில் ஒன்று. அது நின்றதற்கு இதே வகை ரேஸ் கண்டிஷன்தான் காரணம். அதைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆனது.

அப்பாவிடம் நான் பேசுகிறேன். வேலைக்கு சென்னை, பெங்களூர் என்று ஓடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலேயே சோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறது என்பதை அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் இன்டர்வியூ எடுப்பவர் சான்றிதழை ஒரு நிமிடம் பார்ப்பார். இந்தப் பிழையை நீ விளக்கினால் அரை மணி நேரம் பேசுவார். “சர்வர் இரண்டாக இருந்தால் உன் லாக் வேலை செய்யுமா?” என்று கட்டாயம் கேட்பார். செய்யாது. அப்போது ஒரு பயணத்துக்கு ஒரு சீட் ஒருமுறைதான் என்ற கட்டுப்பாட்டை டேட்டாபேஸில் வைக்க வேண்டும். அதையும் செய்து பார்த்துவிட்டுப் போ.

இந்த வாரம் ஒரு டெஸ்ட் எழுது. திரெட்டுகளை நிறுத்திவைத்து ஒன்றாகத் திறந்துவிடும் கவுன்ட் டவுன் லாட்ச் வைத்து ஐம்பது திரெட்டை ஒரே நேரத்தில் ஒரே சீட்டுக்கு அவிழ்த்துவிடு. அதை ஆயிரக்கணக்கான முறை ஓட்டு. லாக் இல்லாதபோது டெஸ்ட் தோற்க வேண்டும், லாக் போட்டதும் ஒருமுறைகூடத் தோற்கக் கூடாது. இரண்டு முடிவையும், கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில், ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் எழுதி, லிங்க்கை எனக்கு அனுப்பு.