காக்கைச் சோறும் கயோட்டியும்

கேள்வி: கலிபோர்னியாவில் இர்வைன் நகரில் வசிக்கிறோம். கொல்லைப்புறத்தில் ஐந்தடி இரும்புக் கம்பி வேலி. அதைத் தாண்டினால் புதர்க்காடு. இந்த ஏப்ரலில் மூன்று முறை பட்டப்பகலில் ஒரு கயோட்டி (ஓநாய் இனத்தைச் சேர்ந்த, நரி போன்ற காட்டு விலங்கு) வேலியோரம் வந்து நின்றது. நான்கு கிலோ பொமரேனியனும், வெளியே சுற்றிவரும் பூனையும் வளர்க்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் தினமும் காக்கைக்குச் சோறு வைக்கிறார். கயோட்டிக்கு வெறி பிடித்திருக்குமோ? பிடித்துக் காட்டில் விடச் சொல்லலாமா?
– ஒரு வாசகி

பதில்: பகலில் வந்ததை மட்டும் வைத்து வெறிநோய் என்று பயப்பட வேண்டாம். மார்ச் முதல் மே வரை கயோட்டி குட்டி போடும் காலம். பாலூட்டும் தாய்க்கும் குட்டிகளுக்கும் சேர்த்து இரை தேட வேண்டியிருப்பதால் பகலிலும் அலையும். தள்ளாடி நடந்தாலோ, ஆள் நெருங்கியும் எழாமல் கிடந்தாலோ விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவை உடனே அழையுங்கள்.

பிடித்து வேறிடத்தில் விடுவதற்குக் கலிபோர்னியாவில் மாநில வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும், சாதாரணமாகக் கிடைக்காது. கொன்றாலும் பயனில்லை. காலியான இடத்துக்கு இன்னொரு கயோட்டி வந்துவிடும், ஏனென்றால் அதை இழுத்த தீனி அப்படியே இருக்கிறது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது காக்கைச் சோற்றை. காக்கை விட்டதை எலி தின்னும், எலியைத் தேடிக் கயோட்டி வரும். சோற்றையே கூட அது தின்னும். பெரியவரின் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி மனம் நோகவைக்க வேண்டியதில்லை. நெய்யும் பருப்பும் கலக்காத வெறுஞ்சோறு, ஒரு கைப்பிடி, தரையில் கொட்டாமல் தட்டில். வைத்தவர் அங்கேயே நின்று, கால் மணி நேரத்தில் மிச்சத்தோடு தட்டை உள்ளே எடுத்துவிட வேண்டும். உதிர்ந்த பழங்கள், பறவைத் தீனிக்கூண்டின் அடியில் சிந்திய விதை, நாயின் சாப்பாட்டுத் தட்டு எதையும் இரவில் வெளியே விடாதீர்கள். குப்பைத் தொட்டியை வண்டி வரும் நாள் காலையில் தெருவில் வைத்தால் போதும்.

அடுத்தது வேலி. ஐந்தடி போதாது, ஆறடி வேண்டும், அதுவும் தனியாகப் போதாது. கயோட்டி பெரும்பாலும் ஒரே தாவலில் வேலியைக் கடப்பதில்லை. எம்பி, முன்னங்கால்களை மேல்விளிம்பில் மாட்டி, பின்னங்காலால் உந்தி ஏறும். அந்தப் பிடியைக் கெடுக்கத்தான் மேலே உருளை. ஒன்றரை அங்குல பிவிசி குழாயின்மேல் மூன்று அங்குலக் குழாயைத் தளர்வாகச் செருகி, உள்குழாய்க்குள் எஃகுக் கம்பி ஓட்டி, இரு முனையிலும் தாங்கியில் இறுக்கிக் கட்டினால் உருளும். கம்பி தொய்ந்தால் உருளை நின்றுவிடும், கயோட்டிக்கு அதுவே பிடிமானம். மாதம் ஒருமுறை கையால் சுற்றிப் பாருங்கள். பலர் சறுக்குவது வாசற்கதவில்: வேலி முழுக்க உருளை போட்டு, கதவை மறந்துவிடுவார்கள். வேலியை ஒட்டிய பெஞ்சும் பூந்தொட்டியும் படிக்கட்டாகிவிடும், தள்ளி வையுங்கள். கம்பிகளுக்கு நடுவே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் வலை அடியுங்கள். தோண்டி நுழையாமலிருக்க, வலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக ஓரடி மடித்துத் தரையில் முளையடித்து மண் மூடுங்கள். வேலை தொடங்குமுன் குடியிருப்புச் சங்கத்தின் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பொமரேனியனைக் கொல்லையில் தனியே விடக்கூடாது. அந்தி, இரவு, விடிகாலையில் கூடவே நில்லுங்கள். நடத்திச் செல்ல ஆறடி நீள லீஷ்தான் (நாயைப் பிடிக்கும் வார்) சரி. இழுக்க இழுக்க நீளும் சுருள் லீஷில் நாய் பதினைந்தடி தள்ளிப் போயிருந்தால் சட்டென்று இழுத்துத் தூக்க முடியாது. பூனையை இன்றே உள்ளே வையுங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பகுதியில் தேசியப் பூங்காத் துறை கயோட்டிகளின் கழிவைச் சேகரித்து ஆராய்ந்தபோது, ஐந்தில் ஒன்றில் பூனையின் மிச்சம் இருந்தது.

கயோட்டி எதிரே வந்தால் ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள். நாயைத் தூக்கிக்கொண்டு, கையை உயர்த்தி உரக்கக் கத்துங்கள். காலி சோடா டின்னில் பத்துச் சில்லறைக் காசு போட்டு டின்னின் வாயை ஒட்டி வைத்துக்கொண்டால் குலுக்க உதவும். கொல்லையில் என்றால் தண்ணீர்க் குழாயால் பீய்ச்சுங்கள். கயோட்டி நாலடி பின்வாங்கித் திரும்பிப் பார்க்கும், அங்கே நிறுத்திவிட்டால் கெட்டது: மனிதன் சத்தம் போட்டு ஓய்ந்துவிடுவான் என்று கற்றுக்கொள்ளும். கண்ணைவிட்டு மறையும்வரை விடாதீர்கள். ஆனால் போகாமல் உங்களைத் தொடர்ந்தே வந்தால் பக்கத்தில் குட்டிகள் இருக்கலாம். விரட்டாமல், அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்கி, கோடை முடியும்வரை வேறு வழியில் நடங்கள்.

நாய்க்கு வெறிநோய், டிஸ்டம்பர் (நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்), எலிக்காய்ச்சல் தடுப்பூசிகள் நடப்பில் இருக்கின்றனவா என்று அட்டையைப் பாருங்கள். நாயைக் கவ்விவிட்டால், மேலே இரண்டு துளைதான் தெரியும். கவ்வி உலுக்கியதில் உள்ளே தசை கிழிந்து விலா உடைந்திருக்கலாம். துண்டில் சுற்றி, விடியும்வரை காத்திராமல், அவசரக் கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள். மனிதரைக் கடித்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.