பழைய காரில தெர்மோஸ்டாட்டைக் கழட்டலாமா? என்ட பதில்

கேள்வி இதுதான்: 97ஆம் ஆண்டு மொடல் டொயோட்டா கொரோலா 110 கார் வாங்கி மூண்டு மாசம், கொழும்பில காலி வீதி டிராஃபிக்ல நிண்டா சூட்டு முள்ளு ஏறுது, கராஜ் பாஸ் (மெக்கானிக்) சொல்லுறார் "எங்கட நாட்டு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் தேவையில்லை, கழட்டி எறிவம், கூலன்டும் வேண்டாம், பைப் தண்ணியே காணும்" எண்டு. செய்யலாமா?

செய்யாதேங்கோ. தெர்மோஸ்டாட் எண்டது எஞ்சினுக்குள்ள ஓடுற தண்ணி சூடாகினாப் பிறகுதான் அதைக் குளிர்விக்கிற ரேடியேற்றருக்கு விடுற வால்வு, கூலன்ட் எண்டது அந்தத் தண்ணியோட கலக்கிற மருந்துத் திரவம். கேட்டது தம்பியோ தங்கச்சியோ தெரியேல்லை, ஆனா உந்தக் கேள்வியைப் பாத்த உடன எனக்கு வயிறு எரிஞ்சுது, ஏனெண்டா இதே வசனத்தை எனக்கும் ஒரு பாஸ் சொன்னவர், நானும் ஓமெண்டு தலையாட்டினனான்.

என்ட காரும் 110 தான், 5ஏ எஞ்சின், 1500 சிசி. வெள்ளவத்தையில இருந்து மருதானைக்கு வேலைக்குப் போய் வாறன். பம்பலப்பிட்டியில கன நேரம் நிண்டா முள்ளு நடுவைத் தாண்டி ஏறும், ஓட வெளிக்கிட்டா இறங்கும். நிக்கேக்க ஏறி ஓடேக்க இறங்கினா முதல்ல ஃபேனைத்தான் பாக்கவேணும், காத்துப் பத்தேல்லை எண்டதுதான் அதின்ட அர்த்தம். அது இப்ப தெரியும், அப்ப தெரியாது. பாஸ் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி மேசையில வச்சார், ரேடியேற்றரைப் பைப் தண்ணியால நிரப்பினார், ரெண்டு கிழமை முள்ளு நடுவுக்கு வரவே இல்லை. நல்ல வேலை செய்திருக்கிறார் எண்டுதான் நானும் நினைச்சன். பெற்றோல் கூடக் குடிக்கத் தொடங்கினதையும், காலமையில எஞ்சின் கன நேரம் இரைஞ்சுகொண்டு நிக்கிறதையும் நான் இதோட சேத்துப் பாக்கேல்லை. எஞ்சின் சூடாகவே இல்லை எண்டு கொம்பியூட்டர் நெடுக பெற்றோலைக் கூட அடிச்சிருக்கு, அவ்வளவுதான் விசயம்.

2023 மார்கழியில மனிசின்ட தங்கச்சி கண்டியில வீடு கட்டிப் பால் காய்ச்சினவ. நாங்கள் நாலு பேர், பின்னால டிக்கி நிறையச் சாமான், ஏசி போட்டபடி போறம். கேகாலை வரை ஒரு பிரச்சினையும் இல்லை. மாவனல்லை தாண்டி கடுகண்ணாவை ஏத்தம் தொடங்க, எங்களுக்கு முன்னால ஒரு லொறி, செக்கன்ட் கியரில ஊர்ந்து போறம், முள்ளு முக்காலைத் தாண்டிட்டுது. ஏசியை நிப்பாட்டினன். ரோட்டுக்காகத் துளைச்ச அந்தப் பாறைக்குக் கிட்டப் போகேக்க முள்ளு மளமளவெண்டு கீழ இறங்கிச்சு. மனிசி "அங்க பாருங்கோ, இறங்கீட்டுது" எண்டா. எனக்கும் அப்பாடா எண்டு இருந்திச்சு, நிப்பாட்டாமல் ஏறினன்.

இந்த இடத்தைத்தான் வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ. சூட்டைச் சொல்லுற சென்சர் தண்ணிக்குள்ள முங்கி நிக்கிற வரைதான் சரியாச் சொல்லும். தண்ணி போய் வெறும் ஆவி நிண்டா அது குறைச்சுத்தான் காட்டும். முள்ளு இறங்கினது எஞ்சின் குளிர்ந்து இல்லை, உள்ளுக்க தண்ணி இல்லாமல்! ஏத்தத்தில ஏறின முள்ளு காரணமில்லாமல் இறங்கினா அந்த இடத்திலயே ஓரமா விட்டு நிப்பாட்டுங்கோ. நான் இன்னும் ஒரு கிலோமீற்றர் போனன், எஞ்சின் கிணுகிணு எண்டு தட்டத் தொடங்கி, இழுவை இல்லாமல் போய், தானா நிண்டிட்டுது. பிள்ளையள் ரெண்டும் ரோட்டோரம் வெயிலுக்க நிண்டதை நினைச்சா இப்பவும் மனம் கேக்காது.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து எஞ்சின்ட மேல்பக்கத்தை மூடுற ஹெட்டைக் கழட்டி லேத் கடைக்குக் கொண்டு போனம். அந்த அண்ணை ஹெட்டைக் கவிட்டு வச்சு, மேல ஒரு உருக்கு ரூலரை நிமித்திப் பிடிச்சு, பின்பக்கத்தால டோர்ச் அடிச்சார். ரெண்டாம் மூண்டாம் சிலிண்டருக்கு நடுவில ரூலருக்குக் கீழால வெளிச்சம் கோடு மாதிரித் தெரிஞ்சுது. 0.05 மில்லிமீற்றருக்கு மேல வளைஞ்சிருக்கக்கூடாது எண்டு சொல்லி அவர் இடைவெளி அளக்கிற ஃபீலர் தகடுகளை ஒவ்வொண்டா விட்டுப் பாத்தார், 0.20 தகடு லேசாப் போய் வந்திச்சு. ஹெட்டைச் சீவி, ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில வைக்கிற கஸ்கற்றைப் புதுசாப் போட்டு, ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல முடிஞ்சுது.

தண்ணி எங்கால போனது எண்டு பிறகுதான் தேடினம். ரேடியேற்றர் மூடின்ட அடி ரப்பர் குதிக்கால் வெடிப்பு மாதிரி வெடிச்சுக் கிடந்தது. அந்த மூடியில 0.9 எண்டு இருக்கும், அவ்வளவு அமுக்கத்தை அது பிடிச்சு வச்சிருந்தா உள்ளுக்க இருக்கிற வெறும் தண்ணி கூட 118 டிகிரிக்குக் கிட்ட வரைக்கும் கொதிக்காது. மூடி பிடிக்காட்டி 100லயே கொதிக்கும், மலையில அதுக்கும் ஒண்டு ரெண்டு குறைய. சின்ன மூடிதான், ஆனா அதில எல்லாம் தங்கியிருக்கு. ரேடியேற்றர் அடியில பாதிக் குழாய் மண்ணிறச் சேறு பிடிச்சு அடைபட்டிருந்தது. அது வெளியில இருந்து வந்த மண் இல்லை, எஞ்சின் புளொக் இரும்பு, ஹெட் அலுமினியம், ரெண்டுக்கும் நடுவில வெறும் தண்ணி ஓடினா உள்ளுக்கயே அரிச்சுக் கறள் கட்டும். கூலன்டில இருக்கிற மருந்து அதைத் தடுக்கத்தான். எங்கட நாட்டில பனி கொட்டாது, அதால கூலன்ட் வேண்டாம் எண்டு சொல்லுறவை இதைப் பற்றிக் கதைக்கிறதே இல்லை. ஊருக்குப் போனா யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியை அவசரத்துக்கும் நிரப்பாதேங்கோ, கேத்திலுக்க வெள்ளையாப் படியுதே, அதே சுண்ணாம்பு ரேடியேற்றருக்குள்ளயும் படியும்.

தெர்மோஸ்டாட் கழட்டினா குளிரும் எண்டதும் முழு உண்மை இல்லை. என்ட எஞ்சினில அது ரெண்டு வேலை செய்யுது. சூடு ஏற ரேடியேற்றர் பாதையைத் திறக்கும், அதே நேரம் பைபாஸ் பாதையை மூடும். அது இல்லாட்டி பைபாஸ் நெடுகத் திறந்து கிடக்கும், சுடுதண்ணியில ஒரு பங்கு ரேடியேற்றர் பக்கமே போகாமல் திரும்ப எஞ்சினுக்குள்ள ஓடும். தட்டையான ரோட்டில தெரியாது, ஏத்தத்தில பாரத்தோட போகேக்கதான் தெரியும்.

இப்ப சிலபேர் கீழ வந்து "நான் இருபது வருசமா பழைய நிசான் சன்னிக் காரை தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடுறன், ஒண்டும் ஆகேல்லை" எண்டு எழுதுவினம். இருக்கலாம், எல்லா எஞ்சினும் ஒரு மாதிரி இல்லை, நான் என்ட எஞ்சினைத்தான் சொல்லுறன். நான் கூலன்ட் விக்கிறவனும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை, கணக்கு வேலை செய்யிறவன். இன்னும் சிலர் "பழசை வித்துப்போட்டுப் புதுசா எடு" எண்டுவினம். 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 மாசியிலதான் சொந்தக் கார்களுக்குத் திறந்தவை, திறந்தும் வரியோட சேத்து என்ன விலை எண்டு போய்க் கேட்டுப் பாருங்கோ. மாசச் சம்பளக்காரன் இருக்கிற காரைத்தான் பாக்கவேணும்.

காலமையில காருக்குக் கீழ தண்ணி சொட்டியிருக்கா எண்டு குனிஞ்சு பாக்கிறது நல்ல பழக்கம்.

சரி, உங்கட விசயம். முதல்ல மூடியை மாத்துங்கோ, பஞ்சிகாவத்தையில கிடைக்கும், 0.9 எண்டு இருக்கிறதை மட்டும் எடுங்கோ, கழட்டின பழையதை எடுக்காதேங்கோ. எஞ்சின் சுடேக்க மூடியைத் திறந்திடாதேங்கோ, கொதிதண்ணி முகத்துக்குத்தான் அடிக்கும். பிறகு ஃபேன். எங்கட கொரோலாவில ரேடியேற்றர் ஃபேன் சுவிச்சின்ட வயரைக் கழட்டிப்போட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஒன் பண்ணினா ஃபேன் சுத்தவேணும், சுத்தாட்டி மோட்டர், ரிலே, ஃபியூஸ் பக்கம் பாருங்கோ. சுத்தினா சுவிச்சில சந்தேகப்படுங்கோ. ஏசி கொண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில அடைஞ்ச தூசியையும் கழுவச் சொல்லுங்கோ. கூலன்டை டிஸ்டில்ட் வாட்டரோட பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்கோ, பச்சைக்கு மேல சிவப்பை ஊத்தாமல் பழசை முழுக்கக் கழுவி எடுத்திட்டு.

புது தெர்மோஸ்டாட்டை நான் பூட்டமுதல் வீட்டில பழைய சட்டியில தண்ணி வச்சு நூலில தொங்கவிட்டுப் பாத்தனான். அதில 82 எண்டு குத்தியிருந்தது. தண்ணி 82க்கு வரேக்க ஓரத்தில தலைமயிர் அளவு நீக்கல் விழுந்து, 95 ஆகேக்க சின்னவிரல் நுழையிற அளவுக்குத் திறந்திட்டுது. பூட்டேக்க தெர்மோஸ்டாட் விளிம்பில இருக்கிற சின்ன ஆடுற வால்வு மேல்பக்கம் இருக்கவேணும், காத்து அதாலதான் வெளியேறும்.

உங்கட காரில தெர்மோஸ்டாட் இருக்கா, முந்தி ஆரும் கழட்டிட்டினமா எண்டு அறிய, காலமை குளிர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ரேடியேற்றர் ஹோஸை அடிக்கடி தொட்டுப் பாருங்கோ. கன நேரம் குளிரா நிண்டு பிறகு திடீரெண்டு சுட்டா இருக்கு. முதல் நிமிசத்தில இருந்தே மெல்ல மெல்லச் சூடேறினா இல்லை. கையை ஃபேனுக்குக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ, அது சொல்லாமல் சுத்தும்.