குடும்பத்தோடு ராட்டினம் ஏறப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

விடுமுறை நெருங்குகிறது. ஹங்வெல்லப் பக்கம் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவில் பேர்ல் பே என்ற கேளிக்கை, நீர் விளையாட்டுப் பூங்காக்களுக்குப் போக நினைப்பவர்கள் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஒழுங்கைக் குடும்பங்களுக்கு வேன் பிடித்துக் கூட்டிப்போகும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். டிக்கெட் விலை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது அடிக்கடி மாறும், போன் எடுத்துக் கேட்பதுதான் நல்லது.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா: அக்கா, மகனுக்கு 13 வயது, மகளுக்கு 4. மாமியும் வருகிறா. எல்லாரும் ஒன்றாகவே சுற்றலாமா?

வேண்டாம் தங்கச்சி. எல்லாரையும் ஒரே வரிசையில் இழுத்துக்கொண்டு திரிந்தால் மகனுக்கு அலுப்பு, மகளுக்கு அழுகை, மாமிக்குக் கால் வலி. காலையில் இரண்டாகப் பிரியுங்கள். கதவு திறந்ததும் பெரிய ராட்டினங்களில் வரிசை குறைவு, அப்பாவும் மகனும் நேரே அங்கே போகட்டும். சின்னவளை நீங்கள் சிறுவர் பகுதிக்குக் கூட்டிப் போங்கள். மதியத்துக்குப் பிறகு எல்லாரும் தண்ணீருக்குள் சேரலாம். ஒரு விஷயம், மாமியைப் பை காவலுக்கு இருத்திவிட்டு ஓடாதீர்கள். மெதுவாகப் போகிற எதிலாவது அவவையும் ஏற்றுங்கள். வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொல்லுவா. பேத்தியோடு ஏறிப் பார்த்தால் இறங்க மனம் வராது.

கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவர்: எந்த மாதம், எந்த நாள் நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் காலையில் வெயில் எரிக்கும், பின்னேரம் இடி முழங்கும். தூறலுக்குப் பயப்படத் தேவையில்லை, எப்படியும் நனையத்தானே போகிறோம். மின்னல் வந்தால் கதை வேறு. குளத்திலிருந்து எல்லாரையும் ஏற்றி, ராட்டினங்களையும் நிறுத்திவிடுவார்கள். காசு கட்டியாயிற்று என்று அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

போயா (பௌர்ணமி) தினம் வேண்டவே வேண்டாம். ஊருக்கே விடுமுறை, ஊரே அங்கே நிற்கும். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறைகளும் அப்படித்தான். வேலை நாள் என்றால் எந்தப் பாடசாலையாவது சுற்றுலாவுக்குப் பதிந்திருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். ஐந்தாறு பஸ் பிள்ளைகள் வந்து இறங்கினால் சனி ஞாயிறே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

மட்டக்குளியிலிருந்து: மகள் கொஞ்சம் கட்டை. தடித்த சப்பாத்து போட்டு, ராட்டின வாசலில் உயரம் பார்க்கும் அளவுக் கம்பைத் தாண்டவைக்கலாமா?

கூடாது. அந்தக் கம்பு துணிச்சலை அளக்க நிற்கவில்லை. மடிக்கு மேலே வரும் பூட்டுக்கம்பியைப் பாருங்கள்: அப்பாவும் பிள்ளையும் ஒரே கம்பிக்குள் இருந்தால் அது அப்பாவின் தொடையில் முட்டி நின்றுவிடும். பிள்ளையின் தொடைக்கு மேலே கை நுழைகிற இடைவெளி. வண்டி உச்சியில் குதிக்கும்போது பிள்ளை எழும்புவது அந்த இடைவெளிக்குள்தான். முதல் நாளே வீட்டுச் சுவரில், சப்பாத்து இல்லாமல், சென்ரிமீற்றரில் அளந்துகொண்டு போங்கள். வாசலில் வைத்து அழுகை வராது.

தெஹிவளையிலிருந்து: இவருக்கு கண்டி பஸ்ஸிலேயே வாந்தி. என்ன செய்யலாம்?

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, மூளை குழம்புவதால்தான் குமட்டல். சுழலுகிற எதையும் விட்டுவிடச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் ஆடும் கப்பல் ராட்டினத்தில் நடு இருக்கை; இரண்டு முனைகளும்தான் அதிகம் ஏறி இறங்கும். கண்ணை மூடாமல் தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்க்கட்டும். வெறும் வயிறும் வேண்டாம், பிரியாணி வயிறும் வேண்டாம். வாந்திக் குளிசை போட்டால் தூக்கம் வரலாம்; அவர்தான் வேன் ஓட்டுகிறார் என்றால் அதை நினைவில் வையுங்கள்.

பதின்ம வயதுக்காரர் ஒருவர்: ரோலர் கோஸ்டரில் பயமான இடம் முன்னா பின்னா?

பின்தான். முன்பெட்டிகள் உச்சி தாண்டிக் கீழே பாய்ந்தபிறகுதான் கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும், அப்போது வண்டி வேகம் எடுத்துவிட்டதால் உன்னைச் சுண்டி இழுக்கும். முன்னுக்கு இருந்தால் வெறும் பாதாளம் தெரியும், அவ்வளவுதான்.

பம்பலப்பிட்டியிலிருந்து: தண்ணீருக்குள் சல்வாரோடு இறங்கலாமா?

பருத்தி வேண்டாம். நனைந்தால் கனக்கும், சறுக்கில் சிக்கும், துப்பட்டா இன்னும் ஆபத்து. பல இடங்களில் விடவும் மாட்டார்கள். முழுக்கை நைலோன் நீச்சல் உடை கிடைக்கிறது, அதுவே மரியாதையும் வசதியும். தாலிக்கொடி, சங்கிலி எல்லாம் வீட்டில் இருக்கட்டும். கண் சிவந்தால் குளோரின் கூடிவிட்டது என்பார்கள். பெரும்பாலும் குளோரினோடு வியர்வையும் சிறுநீரும் சேர்ந்ததால் வருவது. ஆகவே இறங்குமுன் குளிப்பும், பிள்ளைகளுக்குக் கழிவறையும் கட்டாயம்.

கர்ப்பமாக இருக்கிறேன், மெதுவான ராட்டினம்?

வைத்தியரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். நிழலில் இருந்து படம் எடுங்கள்.

பிள்ளை தொலைந்துவிட்டால்?

வீட்டால் வெளிக்கிடும்போதே அன்றைய உடுப்போடு ஒரு படம் எடுங்கள். முழங்கைக்குக் கீழே தண்ணீரில் அழியாத பேனையால் உங்கள் போன் இலக்கம். பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் பாருங்கள், பிறகுதான் கடைப் பக்கம்.

சோற்றுப் பார்சல் கொண்டுபோகலாமா?

உள்ளே விடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடாவிட்டால் வேனில் வைத்து வெளியே வந்து சாப்பிடலாம், ஆனால் பூட்டிய வேன் சூட்டில் தேங்காய்ப்பால் கறியும் சொதியும் மதியத்துக்குள் புளித்துவிடும். பாணும் கட்டச் சம்பலும் எடுத்துப் போங்கள்.