கன்னியாகுமரிக்கு 2 நாள் வரீங்கன்னா முதல்ல அரண்மனை, அப்புறம் கடல்

கோயம்புத்தூர்ல இருந்து வயசானவங்களையும் கூட்டிட்டு 2 நாள் வரோம், கன்னியாகுமரிலயே தங்கி கடலைப் பாத்துட்டு திரும்பிட்டா போதுமா, இல்ல பத்மநாபபுரம் அரண்மனைக்கும் போகணுமா, கைடு வேணுமான்னு கேட்டிருக்கீங்க. எங்க வீடு தக்கலைல, அரண்மனைக்கு ரொம்பப் பக்கம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

போகணும். அதுவும் முதல் நாள் காலைல, காலும் கண்ணும் சோர்ந்து போறதுக்கு முன்னாடி. கடலுக்கு கைடு வேண்டாம், கடல் தானா தன்னைக் காட்டும். அரண்மனை அப்படி இல்ல, யாராவது பக்கத்துல நின்னு சொன்னாத்தான் அது வாயைத் திறக்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும்னா, சொந்தக்காரங்க ஒரு குரூப் வந்தப்போ கன்னியாகுமரில இருந்து ஒரு வேன் பேக்கேஜ் போட்டோம், நானும் கூட போனேன். காலைல சூரிய உதயம், அப்புறம் படகு கியூ, அதுலயே வெயில் உச்சிக்கு ஏறிடுச்சு, சுசீந்திரம் கோயில் நடை சாத்திட்டாங்க, அரண்மனைக்கு வந்து சேந்தப்போ மதிய இடைவேளை, திரும்பத் திறந்ததும் வேன்காரர் 40 நிமிஷம்னு சொல்லிட்டார். எல்லாரும் ஓடி ஓடிப் பாத்துட்டு "பழைய மர வீடு, நல்லா கூலா இருக்கு"ன்னு சொல்லிட்டு ஏறினாங்க. பிறந்ததுல இருந்து அந்த ஓட்டுக் கூரையைப் பாத்து வளந்த எனக்கு அந்த வார்த்தை ரொம்ப நாள் மனசுல கெடந்து உறுத்துச்சு.

அதனால கன்னியாகுமரி கடல்ல கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு என் வீட்டுக்காரியோட தாய்மாமா அம்பாசமுத்திரத்துல இருந்து வந்தப்போ வரிசையை மாத்திட்டேன். மாமா 40 வருஷம் ஆசாரி வேலை பாத்தவர், இப்போ முட்டி வலி. அவருக்கு ஆசையெல்லாம் பாலம்தான், டிவில பாத்திருக்கார். நாளைக்குப் போலாம் மாமா, இன்னைக்கு ஒரு இடம் இருக்குன்னு சொல்லி காலைல 9 மணிக்கு டிக்கெட் கவுன்டர் திறக்கும்போதே கொண்டு போய் நிறுத்திட்டேன்.

செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனதும் பூமுகம், அதாவது முன்வாசல் மண்டபம். அங்க மேல பாருங்க. மரக் கூரைல 90 விதமான பூ செதுக்கியிருக்காங்கன்னு அங்க இருக்கறவங்க சொல்லுவாங்க, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. ஒவ்வொரு பகுதியிலயும் தொல்லியல் துறை ஆள் நிப்பாங்க, அவங்கதான் உங்க கைடு, கேட்டா சந்தோஷமா சொல்லுவாங்க, கேக்கலன்னா கூட்டம் அவங்களைத் தாண்டிப் போயிடும். பாதி மலையாளம் பாதி தமிழ்ல பேசுவாங்க, கொஞ்சம் காது குடுத்தா முழுசும் புரியும். ஏன் மலையாளம்னு கேப்பீங்க. 1956 நவம்பர் 1ல அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடுன்னு 4 தாலுகா திருவிதாங்கூர்-கொச்சில இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேந்தப்போதான் எங்க மாவட்டமே உருவாச்சு. நிலம் இங்க வந்துடுச்சு, திருவிதாங்கூர் ராஜாக்களோட இந்த அரண்மனை மட்டும் கேரள அரசு பராமரிப்புல நின்னுடுச்சு, இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான்.

மாமா அந்த பூமுகத்தை விட்டு நகரவே இல்ல. அங்க இருந்த அக்கா விளக்கம் சொல்ல ஆரம்பிச்சாங்க, இவர் இடையில இடையில "இது பலாவா தேக்கா, இந்த மூட்டு எப்படி இறக்கியிருக்காங்க"ன்னு கேக்க ஆரம்பிச்சார். கூரையைத் தாங்குற சரிவு மரத்தை நாங்க கழுக்கோல்னு சொல்றோம், அவர் கைமரம்னு சொல்றார், அந்த அக்காவுக்கு முதல்ல புரியல, அப்புறம் கையைக் காட்டி ரெண்டு பேரும் ஒரே மரத்தைத்தான் சொல்றோம்னு தெரிஞ்சதும் சிரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் மத்தவங்களுக்கு சொல்றதை விட அதிகமா எங்களுக்கு சொன்னாங்க. தொங்குற குதிரை விளக்கை எப்படித் திருப்பி விட்டாலும் அப்படியே நிக்கும், அதை மாமா ரொம்ப நேரம் பாத்தார்.

மேல மந்திரசாலை, ராஜா மந்திரிகளோட உக்காந்த இடம். சன்னல்ல கண்ணாடிக்கு பதிலா கலர் கலரா அபிரகம், அதாவது மைக்கா, வெச்சிருக்காங்க, வெளிய எவ்வளவு வெயில் அடிச்சாலும் உள்ள சில்லுன்னு இருக்கும், தரை கறுப்பா முகம் தெரியற மாதிரி மினுங்கும். கொட்டாங்கச்சி கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்து தேச்சதுன்னு சொல்றாங்க. வெறுங்காலோட அந்தத் தரைல நிக்கிறதுக்காகவே வரலாம். அடுத்து ஊட்டுப்புரை, மாடியும் கீழயும் சேத்து 2000 பேருக்கு தினம் சோறு போட்ட இடம், பக்கத்துல ஆள் உயர சீன பரணி, அதாவது ஜாடி, ஊறுகாய் போட்டது. வீட்டுப் பெரியவங்களுக்கு அது கண்டிப்பா பிடிக்கும், எங்க மாமி அங்கயே நின்னு எவ்வளவு மாங்காய் பிடிக்கும்னு கணக்கு போட்டாங்க.

கொட்டாரம்னா அரண்மனை, தாய் கொட்டாரம்தான் எல்லாத்துலயும் பழசு, 16ஆம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. அதுல ஏகாந்த மண்டபத்துல ஒரே பலா மரத்துல செதுக்கின தூண் இருக்கு. மாமா கேட்டுட்டு, கையை நீட்டி, தொடாம, அந்த செதுக்கலோட வளைவை காத்துலயே உளி பிடிக்கிற மாதிரி ஒருமுறை வரைஞ்சார். "மாப்ள, இதுல எங்கயும் அவசரம் இல்ல"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

மூணு மணி நேரம் ஆச்சு எங்களுக்கு. முட்டி வலி உள்ளவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், மரப்படிகள் ரொம்ப செங்குத்து, நிலைவாசல்ல குனிஞ்சுதான் போகணும், பைய ஏறுங்க, அங்கங்க திண்ணைல உக்காருங்க.

வெளிய வந்ததும் 2 கிலோமீட்டர்ல புலியூர்க்குறிச்சி, உதயகிரி கோட்டை. 1741ல குளச்சல்ல டச்சுக்காரங்களை திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவோட படை தோற்கடிச்சப்போ பிடிபட்ட டி லனாய்ங்கிறவர் பிறகு இதே ராஜாவோட படைக்கே பயிற்சி குடுத்து தளபதி ஆனார், 1777ல இறந்தார், கல்லறை கோட்டைக்குள்ளதான். கல்லுல லத்தீனும் தமிழும் பக்கத்துல பக்கத்துல. அரை மணி நேரம் போதும், ஆனா விடாதீங்க.

இனி கன்னியாகுமரி. ஊர் பேரு ரொம்பப் பழசு, முதல் நூற்றாண்டுலயே கிரேக்க மொழில எழுதின கடல் பயணக் குறிப்புல குமரின்னு வந்து, இங்க நோன்பிருந்து கடல்ல குளிக்க ஆள் வருவாங்கன்னு இருக்கு. குமரி அம்மன் கோயிலும் பழசு. ஆனா கரைல நின்னு நீங்க பாக்கறது முக்காவாசி நம்ம அப்பா காலத்துக்கு அப்புறம் வந்தது: விவேகானந்தர் மண்டபம் 1970, வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1, ரெண்டு பாறையையும் சேக்கிற கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30, 77 மீட்டர் நீளம். இதை நான் குறைச்சு சொல்லல. முன்னாடி கடல் கொஞ்சம் கோவிச்சாலே சிலைப் பக்கம் பாறை அதிகம்னு படகு போகாது, எத்தனையோ பேர் வள்ளுவரை தூரத்துல இருந்து கும்பிட்டுட்டு திரும்பியிருக்காங்க. இப்போ விவேகானந்தர் பாறைல இறங்கி நடந்தே போயிடலாம். இந்த மாவட்டத்துக்காரனா அதுல எனக்கு உண்மையிலேயே பெருமை.

சிலை பத்தி பிள்ளைங்களுக்கு சொல்ல ஒண்ணு: மொத்தம் 133 அடி, குறளோட அதிகாரம். அதுல பீடம் 38 அடி அறத்துப்பால், மேல 95 அடி பொருளும் இன்பமும். கணபதி ஸ்தபதி செஞ்சது. இது தெரிஞ்சா போதும், கைடு தேவையில்ல. படகுக்கு மட்டும் வெள்ளனே கியூல நின்னுடுங்க, சனி ஞாயிறுன்னா கஷ்டம்.

மாமா ரெண்டாம் நாள் பாலத்துல நடந்தார், கண்ணாடி வழியா கீழ அலையைப் பாத்தார், ரொம்ப சந்தோஷம். சாயங்காலம் கரைல உக்காந்து கடலை பாத்துக்கிட்டே "அந்த ராஜா ஏன் அவ்வளவு வேலை செஞ்ச வீட்டை விட்டுப் போனார்"னு கேட்டார். 1795ல தலைநகரை திருவனந்தபுரத்துக்கு மாத்திட்டாங்க மாமா, ஆனா முழுசா விடல, இப்பவும் வருஷா வருஷம் நவராத்திரிக்கு அரண்மனைல இருக்கற சரஸ்வதி அம்மன், வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூணு பேரும் இங்க இருந்து திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமா போவாங்க, அரண்மனைக்குள்ள இருக்கற உப்பரிகை மாளிகைல ராஜாவோட உடைவாளை எடுத்துக் குடுத்துத்தான் கிளம்பும், ரெண்டு மாநில போலீஸும் மரியாதை செய்வாங்கன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல.

திங்கக்கிழமை அரண்மனை லீவு, அதை மட்டும் கணக்கு பண்ணி வாங்க. கன்னியாகுமரில இருந்து 35 கிலோமீட்டர்தான், ஆனா நாகர்கோவில் டிராபிக்ல 1 மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால முடிஞ்சா அதுக்கு முந்தின ராத்திரியே வந்து நாகர்கோவில் இல்ல தக்கலைல தங்கி, அரண்மனை முடிச்சு, வழியில சாயங்காலம் சுசீந்திரம் பாத்துட்டு கன்னியாகுமரி போய்ச் சேருங்க. ரோட்டோரத்துல மட்டி வாழைப்பழம் தொங்கும், வாங்கிக்கோங்க, எங்க ஊரைத் தாண்டினா அந்த ருசி கிடைக்காது.

போன மாசம் மாமா போன் பண்ணார். நவராத்திரிக்கு எத்தனை நாள் முன்னாடி வரணும்னு கேட்டார். ஊர்வலம் எங்க ரோடு வழியாத்தான் போகும், வாசல்ல நாற்காலி போட்டு வெச்சிருக்கேன் மாமா, நீங்க வாங்கன்னு சொல்லியிருக்கேன்.